எடை விலையும் பொருள் விலையும்

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று தெருவில் கூவிச் செல்லும் குரலைக் கேளாமல் வளர்ந்த தமிழர் அருமை. பேரீச்சம்பழத்தின் இடத்தைப் பிற்காலத்தில் பிளாஸ்டிக் குடம் பெற்றது. இன்று பெரும்பாலும் ரொக்கமே கைமாறுகிறது. குரலும் ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. எனினும் இவ்வியாபாரத்தில் மாறாத கருவி ஒன்று உண்டு. அது தராசு. நம் வீட்டுப் பழம்பொருள் எத்தகையது, யார் செய்தது, எத்தனை தலைமுறை கண்டது என்பவற்றைத் தராசு கேட்பதில்லை. எத்தனை கிலோ என்பதையே அது சொல்லும்.

சில மாதங்களுக்கு முன் அலுவல் நிமித்தம் விருத்தாசலத்தை அடுத்த நல்லூருக்குச் சென்றிருந்தேன். அங்கே அங்கத்தினர் ஒருவரின் இல்லத்தில், கல்லூரியில் படிக்கும் அவர் மகன் தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். பித்தளைக் கூஜா ஒன்று, கறுப்புத் துணியின்மேல் அழகாக வைக்கப்பட்டு, "பழங்காலத் தென்னிந்தியக் கூஜா, ரூ. 3,200" என்ற விளம்பரத்துடன் காணப்பட்டது. அதன் கழுத்தருகே வெட்டப்பட்டிருந்த எழுத்துகளைப் படத்தில் நன்றாகப் படிக்க முடிந்தது. அவை அப்பையனின் பாட்டியாருடைய பெயரின் எழுத்துகள். அக்கூஜாவை அக்குடும்பத்தார் எடைக்குப் போட்டபோது கிடைத்த தொகை ரூ. 600.

"பேரை வெட்டிக் கொடுத்தவங்க என் மாமனார், தம்பி. ரயிலேறினா கூஜா கூடவே வரும். இப்ப அது எடைக்குப் போயிடுச்சு" என்றார் அந்த மூதாட்டியார்.

வாங்கிச் சென்றவர் ஏமாற்றிவிட்டார் என்று வீட்டார் கருதினர். என்னால் அவ்வாறு உடனே சொல்ல இயலவில்லை. அவர் பித்தளையின் விலையைக் கேட்டார். பித்தளையின் விலைக்கே இவர்களும் விற்றனர். பின்னர் வேறொருவர் அதனைக் கூஜாவாக விற்றார். ரூ. 600க்கும் ரூ. 3,200க்கும் இடையே நிற்பது வஞ்சகம் மட்டும் அன்று. அறிவும் உழைப்பும் அதில் உண்டு. அந்த அறிவு நம்மிடம் இல்லாதிருந்தது என்பதே நஷ்டத்தின் காரணம். அது யாது, அதனைப் பெறுவது எங்ஙனம், பழம்பொருள்களை இணையவழியில் விற்றுப் பொருளீட்ட விரும்புவோர் கவனிக்க வேண்டியவை யாவை என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகை விலைகள்

பழம்பொருள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு விலைகள் உண்டு. ஒன்று எடை விலை. அஃதாவது பொருளை அழித்தால் எஞ்சும் உலோகத்திற்கோ நாருக்கோ மரத்திற்கோ உரிய விலை. மற்றொன்று பொருள் விலை. அப்பொருள் அப்பொருளாகவே இருப்பதனால் அதனை விரும்புவோர் தரும் விலை. காயலான் கடைக்காரர் முதலாவதைத் தருகிறார். பழம்பொருள் சேகரிப்போர் இரண்டாவதைத் தருகின்றனர்.

நெசவாளர்களுக்கு இதனைப் பட்டுச் சேலையைக் கொண்டு விளக்கலாம். பழைய பட்டுச் சேலைகளை வாங்குவோர் ஊர்தோறும் வருவதை யாவரும் அறிவர். அவர்கள் கண் வைப்பது ஜரிகையின்மேல். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளி இழை சுற்றி, அதன்மேல் பொன் பூசியது. காஞ்சிபுரத்திலுள்ள தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் வகுத்த அளவின்படி அசல் ஜரிகையில் வெள்ளி 40 சதவீதம், செம்பு 35.5 சதவீதம், பட்டு 24 சதவீதம், தங்கம் 0.5 சதவீதம். சேலையை எரித்து உருக்கினால் வெள்ளி கிடைக்கும். ஆதலால் அதற்கு எடை விலை உண்டு. ஆனால் உருக்கும்போது அழிவது எது? கோர்வை போட்டு இணைத்த கரை, இன்று எவரும் போடாத ஒரு புட்டா, அந்தக் காலத்து அரக்கு நிறம் ஆகிய யாவும் அழிகின்றன. அச்சேலையைச் சேலையாகவே வாங்குவோர் இன்று இணையத்தில் உள்ளனர். தறிக்காரருக்கோ அது விற்பனைப் பொருள் மட்டும் அன்று. படித்து அறியவேண்டிய பாடப்புத்தகமும் ஆகும். விற்பதாயினும், அதற்குமுன் கரையையும் முந்தானையையும் தெளிவாகப் படம் எடுத்து, புட்டாவைக் கட்டத்தாளில் எழுதி வைத்துக்கொள்வது சாலச் சிறந்தது.

பொருள் விலை எவ்வாறு பிறக்கிறது என்பதைக் காண விரும்புவோர் காரைக்குடிக்குச் செல்லலாம். பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் நடத்திய நகரத்தார், மர்த்தபான் ஜாடிகளையும், தேக்குமரத்தையும், ஸ்வீடன் நாட்டு எனாமல் பாத்திரங்களையும் தம் வீடுகளுக்குக் கொண்டுவந்து சேர்த்தனர். வாரிசுகள் பலராகி, வீடுகள் பாகப்பிரிவினையாகி, சில இடிக்கப்பட்டபோது அப்பொருள்கள் வெளியே வந்தன. அவற்றை வாங்கி விற்பதற்கென்றே முனீஸ்வரன் கோயில் தெருவில் கடைகள் தோன்றின. சென்னையில் 1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, 1985ஆம் ஆண்டு மே மாதத் தீவிபத்தில் அழிந்த மூர் மார்க்கெட்டும் பழைய புத்தகங்களுக்கும் பழைய சாமான்களுக்கும் பெயர்பெற்றது. இத்தகைய இடங்களில் வாங்குபவர் நேரே சென்று, பொருளைத் தட்டிப் பார்த்து, பேரம் பேசி வாங்கினார். இணையத்தில் வாங்குபவர் அவ்வாறு தட்டிப் பார்க்க இயலாது. இதுவே இவ்வியாபாரத்தின் தனிச் சிக்கல்.

குறையைச் சொல்வதே மூலதனம்

இச்சிக்கலைப் பற்றி ஜார்ஜ் ஆக்கர்லாப் என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். பழைய மோட்டார் வண்டிகளின் சந்தையை அவர் உதாரணமாகக் கொண்டார். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா வண்டிகளுக்குமே குறைந்த விலை கேட்கிறார். நல்ல வண்டி வைத்திருப்பவருக்கு அவ்விலை கட்டுவதில்லை. அவர் சந்தையைவிட்டு விலகுகிறார். முடிவில் மோசமான வண்டிகளே மிஞ்சுகின்றன. இவ்வாராய்ச்சிக்காக அவருக்கு 2001ஆம் ஆண்டில் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் தெளிவானது. பொருளின் குறையை மறைப்பவர் தமக்கு மட்டுமன்றி, நல்ல பொருள் விற்கும் அனைவருக்கும் விலையைக் குறைத்துவிடுகிறார். குறையை முன்கூட்டியே சொல்பவரோ வாங்குபவரின் ஐயத்தை நீக்கி, நல்ல விலையைப் பெறுகிறார்.

இ-பே என்னும் இணையச் சந்தை 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அதில் முதன்முதல் விலைபோனது உடைந்துபோன லேசர் சுட்டுக்கோல் ஒன்று என்று அந்நிறுவனமே கூறிவருகிறது. விலை 14 டாலர் 83 சென்ட். அது உடைந்தது என்பது தெரியுமா என்று விற்றவர் கேட்டதற்கு, உடைந்த சுட்டுக்கோல்களைச் சேகரிப்பவர் தாம் என்று வாங்கியவர் பதிலளித்தாராம். உடைந்த பொருளுக்கும் உரியவர் எங்கேனும் ஒருவர் இருப்பார். உடைந்தது என்று சொல்லிவிட்டால் போதும்.

எதனைப் பார்ப்பது, எங்ஙனம் எழுதுவது?

பழைமையைக் குறிக்கும் சொற்களை முதலில் பிரித்து அறிய வேண்டும். ஒருவர் பயன்படுத்தியது என்பதனாலேயே ஒரு பொருள் பழம்பொருள் ஆகிவிடாது. எட்ஸி என்னும் இணையச் சந்தை, குறைந்தது 20 ஆண்டுகள் ஆனவற்றையே பழங்காலப் பொருள் என்று விற்க அனுமதிக்கிறது. நம் நாட்டுச் சட்டமோ 100 ஆண்டுகள் ஆன சிலை, ஓவியம், கைவினை முதலியவற்றைத் தொல்பொருள் என்கிறது. இந்த வேறுபாட்டின் முக்கியத்துவம் பின்னர் விளங்கும். வயது உறுதியாகத் தெரியாவிடில் "நூற்றாண்டுப் பழைமை" என்று எழுதுதல் கூடாது. "எங்கள் பாட்டியார் திருமணத்தின்போது வந்தது" என்பது தெரிந்தால் அதையே எழுதுக. அவ்வுண்மை, கற்பனையான நூற்றாண்டைவிட அதிக மதிப்புடையது.

பித்தளையானால் எடை, உயரம், வாய் அகலம் ஆகியவற்றை அளந்து எழுத வேண்டும். ஒட்டுப் போட்ட இடம், நசுங்கல், உட்புறத்தில் ஈயப்பூச்சு உள்ளதா என்பவற்றைக் குறிப்பிட வேண்டும். பாத்திரத்தில் வெட்டிய பெயரை இயந்திரப் பாலிஷ் கொடுத்து அழித்துவிடுவது பெருந்தவறு. சேகரிப்போருக்கு அவ்வெழுத்து களங்கம் அன்று, பாத்திரத்தின் வரலாறு.

பீங்கானைப் பொறுத்தவரை, அத்தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தின் பக்கத்தில் வாழும் நமக்கு இயல்பாகவே ஓரளவு தேர்ச்சி உண்டு. ஜாடியை விரல் முட்டியால் தட்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். மொத்தென்று ஒலித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டென்று கொள்ளலாம். இருட்டில் ஜாடிக்குள் விளக்கைக் காட்டிப் பார்த்தால் பசை வைத்து ஒட்டிய இடங்கள் பலவேளைகளில் தெரியவரும். அடிப்புறத்து முத்திரையைத் தனியே படம் எடுக்க வேண்டும். மேற்பூச்சில் மட்டும் மயிரிழைபோல் வெடிப்பு இருப்பின் அதனையும் சொல்ல வேண்டும். பழைய மேற்பூச்சுகள் சிலவற்றில் ஈயம் கலந்திருக்கக்கூடும். புளிப்புள்ள பண்டங்கள் அதனைக் கரைக்கும். ஆகையால் பழைய ஜாடியை "ஊறுகாய் போடலாம்" என்று சொல்லி விற்காமல், அலங்காரப் பொருளாகவே விற்றல் நலம்.

சேலையானால் மடிப்பில் இற்றுப்போன இடங்களை விரித்துக் காட்ட வேண்டும். பட்டுச் சேலை ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் அவ்விடத்தில் நூல் அறும் என்பது நெசவாளர் அறிந்ததே. ஜரிகையின் ஓரிழையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிவது நல்ல அடையாளம். எனினும் அது ஒன்றே முடிவான சாட்சியாகாது. பரிசோதிக்காமல் "அசல் வெள்ளி ஜரிகை" என்று எழுதுவது பின்னர் வழக்கில் கொண்டுபோய் விடலாம். "பரிசோதிக்கப்படவில்லை" என்று எழுதிவிட்டால் எவரும் குறைகூற இயலாது.

படம் எடுப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. காலை வெயில் நேராக விழாத திண்ணையில், ஒரே நிறத் துணியின்மேல் வைத்து, முன், பின், மேல், அடி, குறையுள்ள இடம் என்று 5 படங்கள் எடுத்தால் போதும்.

கணக்கு எழுதாத லாபம்

புதிதாக இவ்வியாபாரத்தில் இறங்குவோர் பெரும்பாலும் வாங்கிய விலையையும் விற்ற விலையையும் மட்டுமே பார்க்கின்றனர். இடையிலுள்ள செலவுகள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. கணக்கு முறையை விளக்கும்பொருட்டு ஓர் உதாரணம் தருகிறேன். தொகைகள் யாவும் கற்பனையே.

ஒருவர் ஜாடி ஒன்று ரூ. 400 வீதம் 10 ஜாடிகள் வாங்குகிறார். ஒவ்வொன்றையும் ரூ. 1,100க்கு விற்க முடிவுசெய்கிறார். அனுப்பும் செலவும் அவ்விலையில் அடக்கம். ஜாடிக்கு ரூ. 700 வீதம் ரூ. 7,000 லாபம் என்பது அவர் மனக்கணக்கு. நடந்தது வேறு. ஒரு ஜாடி விலைபோகவில்லை. அனுப்பிய 9இல் ஒன்று வழியில் உடைந்து, பணத்தைத் திருப்பித்தர நேர்ந்தது.

செலவைப் பார்ப்போம். வாங்கிய விலை ரூ. 4,000. வண்டிச் சத்தமும் சுத்தம் செய்த செலவும் ஜாடிக்கு ரூ. 60 வீதம் ரூ. 600. கட்டுமானச் செலவு ரூ. 120 வீதம் 9 ஜாடிகளுக்கு ரூ. 1,080. அனுப்பும் கட்டணம் ரூ. 250 வீதம் ரூ. 2,250. ஆக மொத்தச் செலவு ரூ. 7,930. வரவோ 8 ஜாடிகளுக்கு ரூ. 8,800. இதில் இணையச் சந்தையின் கட்டணம் 10 சதவீதம் என்று கொண்டால் ரூ. 880 கழிந்து, கைக்கு வருவது ரூ. 7,920. ஆகவே முடிவு ரூ. 10 நஷ்டம், வீட்டில் விலைபோகாத ஜாடி ஒன்று. அவர் உழைத்த நாள்களுக்குக் கூலி கணக்கில் சேரவேயில்லை.

இனி, அந்த ஒரு ஜாடி உடையாமல் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 9 ஜாடிகளுக்கு வரவு ரூ. 9,900, கட்டணம் ரூ. 990 போக ரூ. 8,910, செலவு ரூ. 7,930 போக மிச்சம் ரூ. 980. ஜாடியைச் சிறிய பெட்டியில் வைத்து, அதனைப் பெரிய பெட்டியில் வைத்து, இடையே வைக்கோலோ காகிதமோ திணித்து அனுப்புவதற்கு ஜாடிக்கு ரூ. 30 கூடுதலாகச் செலவானாலும் மொத்தம் ரூ. 270 தான். அதுபோகவும் ரூ. 710 நிற்கும். உடையும் சாமானில் லாபம் விற்கும் சாமர்த்தியத்தில் இல்லை. கட்டும் கையில் இருக்கிறது.

ஆதலால் நோட்டு ஒன்று போட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண் கொடுத்து, யாரிடம், எந்நாளில், என்ன விலைக்கு வாங்கியது, செய்த செலவு, விற்ற நாள், விற்ற விலை, திரும்பி வந்ததா என்ற விவரங்களை எழுதுக. வாங்கும்போது விற்பவரிடம் கையெழுத்துடன் ரசீது பெறுக. இந்த ரசீது கணக்குக்கு மட்டுமன்றி, வேறொரு காரணத்துக்காகவும் இன்றியமையாதது.

விற்கக் கூடாதவை

விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலில் அர்த்தநாரீசுவரர் கற்சிலை ஒன்று இருந்தது. அது திருடப்பட்டு, கடல் கடந்து, 2004ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டது. விலை சுமார் 3 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். விற்றவர் நியூயார்க் நகர வியாபாரி சுபாஷ் கபூர். 1970ஆம் ஆண்டிலேயே அச்சிலை இந்தியாவில் ஒரு கடையில் விலைக்கு வாங்கப்பட்டதாகக் காட்டும் ரசீதும் உடன் இருந்தது. ஆனால் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம் 1974ஆம் ஆண்டில் எடுத்த புகைப்படத்தில் அதே சிலை விருத்தாசலம் கோயிலில் காணப்பட்டது. ரசீது பொய் என்பது ஒரு படத்தால் வெளிப்பட்டது. 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் அப்பொழுதைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட், ஸ்ரீபுரந்தான் நடராசர் திருமேனியுடன் அச்சிலையையும் புதுடில்லியில் திருப்பி ஒப்படைத்தார். அவ்வியாபாரி 2011இல் ஜெர்மனியில் கைதாகி, 2012இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். உடையார்பாளையம் கோயில் திருட்டு வழக்கில் 2022ஆம் ஆண்டு கும்பகோணம் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

கூஜாவுக்கும் கோயிற்சிலைக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். பழம்பொருள் எதுவாயினும், அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு உண்மையான விடை இருக்கவேண்டும் என்பதே சம்பந்தம். மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிய விளக்கோ மணியோ ஏதேனும் ஒரு கோயிலிலிருந்து களவுபோனதாயின், வாங்கியவரும் விசாரணைக்கு உள்ளாவார்.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் 1976ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி 100 ஆண்டுகள் ஆன சிலை, ஓவியம், நாணயம், கைவினைப் பொருள் முதலியவை தொல்பொருள்கள். வரலாற்று மதிப்புள்ள ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதி முதலியவற்றுக்கு 75 ஆண்டுகளே அளவு. தொல்பொருள்களை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். தனியார் எவரும் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது. கல், உலோகம், சுடுமண் முதலியவற்றாலான சிற்பங்களை வைத்திருப்போர் பதிவுசெய்துகொள்ளவும் வேண்டும். இணையத்தில் அயல்நாட்டார் ஒருவர் நல்ல விலை தருகிறார் என்பதற்காகப் பழைய செப்புத் திருமேனியைத் தபாலில் அனுப்புவது குற்றமாகும்.

விவசாய அங்கத்தினர்கள் மற்றொரு சட்டத்தையும் அறிந்திருத்தல் அவசியம். ஏர் ஓட்டும்போதோ கிணறு தோண்டும்போதோ நிலத்தில் புதைந்த காசுகளோ திருமேனிகளோ அகப்பட்டால், அவற்றின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேற்படுமானால், மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். நம் நிலத்தில் கிடைத்ததாயினும், நாமே விற்றுக்கொள்ளலாகாது. யானைத் தந்தம், புலிநகம், மான்கொம்பு ஆகியவற்றின் வியாபாரத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்துள்ளது. பாட்டனார் காலத்துப் பொருள் என்ற சமாதானம் செல்லாது.

வரியும் வஞ்சகமும்

தம் வீட்டில் பயன்படுத்திய பொருள் ஒன்றிரண்டை விற்பது வேறு. விற்பதற்கென்றே வாங்கி விற்பது வேறு. பின்னது வியாபாரம். தமிழ்நாட்டிற்குள்ளேயே பொருள் விற்போரின் ஆண்டு விற்பனை ரூ. 40 லட்சத்துக்கு மேற்பட்டால் சரக்கு மற்றும் சேவை வரிக்குப் பதிவுசெய்தல் வேண்டும். இணையச் சந்தையின் வழியே விற்பவர் யாவரும் பதிவுசெய்தே தீரவேண்டும் என்ற விதி, மாநிலத்திற்குள் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு 2023ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தளர்த்தப்பட்டது. வெளிமாநிலத்தாருக்கு விற்பதாயின், தொகை சிறிதாயினும், பொதுவாகப் பதிவு வேண்டும். பதிவுபெற்றவர், பழம்பொருளை அதன் தன்மை மாறாமல் விற்று, வாங்கியபோது வரிக்கழிவு எதுவும் பெறாதிருந்தால், முழு விலைக்கு வரி செலுத்த வேண்டுவதில்லை. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கே வரி. ரூ. 400க்கு வாங்கி ரூ. 1,100க்கு விற்றால் ரூ. 700க்கே வரி கணக்கிடப்படும். இச்சலுகையைப் பெறவும் மேற்சொன்ன நோட்டும் ரசீதும் வேண்டும். தொழில் பெருகும் நிலையில் கணக்காளர் ஒருவரைக் கலந்துகொள்வது நல்லது.

இனி, வஞ்சகத்தைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது: பொருளை நேரில் பாராமலே, பேரமும் பேசாமலே "வாங்கிக்கொள்கிறேன்" என்பவர், "பணம் அனுப்பக் கட்டக்குறி ஒன்று அனுப்புகிறேன், அதனைக் கைப்பேசியில் காட்டி இரகசிய எண்ணைப் போடுங்கள்" என்பார். பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அதனைப் போட்டால் நம் பணமே போகும். இராணுவத்தில் பணிபுரிவதாகச் சொல்லி நம்பிக்கை ஊட்டுவோரும் உளர். ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்க.

இரண்டாவது: பழைய 5 ரூபாய் நோட்டுக்கும் நாணயத்துக்கும் லட்சக்கணக்கில் விலை தருவதாக விளம்பரம் செய்து, "முதலில் வரி கட்டுங்கள், கமிஷன் கட்டுங்கள்" என்று பறிப்போர் உண்டு. ரிசர்வ் வங்கியின் பெயரையும் இவர்கள் பயன்படுத்தினர். பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தனக்கு எத்தொடர்பும் இல்லை என்றும், எவரையும் கட்டணம் வசூலிக்க நியமிக்கவில்லை என்றும் அவ்வங்கி 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் அறிவித்தது. விற்பவர் முன்பணம் கட்டும் வியாபாரம் உலகில் எங்கும் இல்லை என்பதை மனத்திற் கொண்டால் போதும்.

முதற்கேள்வி

இவ்வியாபாரத்தில் பெரும்பணம் புரளும் என்று நான் சொல்ல வரவில்லை. பொறுமையும் இடவசதியும் உள்ளவர்க்கு இது ஒரு துணைவருமானம், அவ்வளவே. தனியொருவராகச் செய்வதைவிட, ஒரு தெருவிலுள்ள நாலைந்து குடும்பத்தார் சேர்ந்து, பித்தளை அறிந்தவர், பீங்கான் அறிந்தவர், சேலை அறிந்தவர், படம் எடுக்கத் தெரிந்த இளைஞர் என்று வேலையைப் பகிர்ந்துகொண்டால் தவறுகள் குறையும். வாங்கச் செல்லும் வீட்டில் பொருளின் மதிப்பை அறியாத முதியவர் இருந்தால், அவருக்கு உண்மையைச் சொல்லி, நியாயமான விலை கொடுத்து வாங்குவதே அறம். நம் வீட்டில் பிறர் செய்யாததைக் குறைகூறிவிட்டு, அடுத்த வீட்டில் நாம் அதையே செய்தல் தகாது.

விற்க விரும்பாதவர்க்கும் ஒரு வேண்டுகோள். வாசலில் தராசு வந்து நிற்கும்போது, பொருளைக் கொண்டுபோய் வைக்குமுன், "இது எடைக்கு உரியதா, பொருளாகவே நிற்க உரியதா?" என்று ஒரு நாழிகை யோசியுங்கள். வீட்டுப் பெரியவரை ஒரு வார்த்தை கேளுங்கள். உடைந்த இரும்புக்கு எடை விலையே சரியான விலை. எல்லாப் பொருளுக்கும் அது சரியான விலையன்று.

நல்லூரில் அந்த இளைஞன் மறுபடியும் கைப்பேசியைத் தட்டிப் பார்த்தபோது, கூஜாவின் படத்தின்மேல் "விற்றாகிவிட்டது" என்று காட்டிற்று. திரும்ப வாங்கிவிடலாம் என்று நினைத்திருந்த அவன் முகம் வாடியது. மூதாட்டியார் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "வாங்கினவங்க அந்த எழுத்தை அழிச்சிடுவாங்களா, தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

அழிக்கமாட்டார்கள் என்று சொன்னேன். ஆறுதலுக்காகச் சொன்னதன்று. எழுத்தில்லாத கூஜாக்கள் குறைந்த விலைக்கு எத்தனையோ கிடைக்க, ரூ. 3,200 கொடுத்து ஒருவர் இதனை வாங்கியதற்கு அவ்வெழுத்தும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். எடைக்குப் போட்ட அன்று தராசில் ஒரு குன்றிமணி எடைகூட இல்லாதிருந்தது அந்த எழுத்துதான்.